அடுத்தவர் வரியும் 10 சதவீதமும்

ஆய்வேடு சமர்ப்பிக்கும் பருவம் வந்துவிட்டால் என்னிடம் வரும் கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான். "ரிப்போர்ட்டில் 14 வந்திருக்கிறது சார். 10க்குள் கொண்டுவர என்ன வழி?" கேட்பவர் ஆய்வு மாணவராக இருப்பார். சில சமயம் நெறியாளரே கேட்பார், குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு. அந்த 14 எங்கிருந்து வந்தது, எந்த இயலில் வந்தது, யாருடைய வரி அது என்று திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. ஒப்புமை பார்க்கும் மென்பொருள் தந்த அந்த ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் உள்ள எண்ணைத் தவிர வேறு எதையும் அவர்கள் புரட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2018 ஜூலையில் கொண்டுவந்த ஒழுங்குமுறை விதிகள் சதவீதக் கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை என்றால், ஆறு மாதத்துக்கு மிகாத காலத்துக்குள் திருத்தி மீண்டும் கொடுக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால், ஓராண்டுக்குத் திருத்திய ஏட்டையே கொடுக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. படிக்கிற எவருக்கும் 10 என்பது ஒரு வேலி போலத்தான் தோன்றும். வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டால் போதும் என்றுதான் மனம் கணக்குப் போடும்.

ஆனால் அதே விதிகளில் கருத்துத் திருட்டுக்குத் தரப்பட்டுள்ள விளக்கத்தில் சதவீதமே இல்லை. இன்னொருவருடைய ஆக்கத்தையோ எண்ணத்தையோ எடுத்துத் தன்னுடையது போலக் காட்டுவது, அவ்வளவுதான். வரி என்று மட்டும் சொல்லவில்லை, எண்ணமும் அதில் சேரும். மென்பொருளுக்கு எண்ணம் தெரியாது. சொற்கள் எந்த வரிசையில் நிற்கின்றன என்பதுதான் தெரியும். அது தருவது ஒப்புமைக் கணக்கு. திருட்டா இல்லையா என்று சொல்ல ஒரு மனிதர் உட்கார்ந்து படித்தாக வேண்டும்.

எனவே நெறியாளர்களுக்கு நான் முதலில் சொல்வது, ரிப்போர்ட்டைத் திறந்து, ஒத்த வரிகளைக் காட்டும் வண்ணம் எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள் என்பதுதான். சங்க இலக்கிய ஆய்வேடு ஒன்றில் 22 சதவீதம் வரலாம். திறந்து பார்த்தால் வண்ணம் முழுக்கப் பாடல் வரிகளிலும் துணைநூற்பட்டியலிலும் இருக்கும். உரிய முறையில் எடுத்தாண்ட மேற்கோள், நூற்பட்டியல், பொருளடக்கம், நன்றியுரை, சட்ட வாசகங்கள், தரப்படுத்தப்பட்ட சமன்பாடுகள், தொடர்ச்சியாக 14 சொற்கள் வரையிலான பொதுவான தொடர்கள் ஆகியவற்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று விதியே சொல்கிறது. மென்பொருளில் அந்த விலக்குகளைப் போட்டு மறுபடி ஓட்டினால் 22 என்பது 5 ஆகிவிடலாம். இன்னொரு ஏட்டில் மொத்தமே 8தான் இருக்கும், திருட்டு இல்லை என்ற சான்றிதழும் கையெழுத்தாகியிருக்கும். ஆனால் அந்த 8 முழுவதும் முடிவுரைக்கு முந்தைய இயலில், "ஆய்வாளர் கண்டறிந்தவை" என்ற தலைப்பின் கீழ் பக்கம் பக்கமாகக் குவிந்திருக்கும். இந்த இரண்டில் எதைத் தடுக்க வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

தமிழில் எழுதப்படும் ஏடுகளில் இன்னொரு சங்கதியும் உண்டு. நம் துறைகளில் இன்றும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாடு அரசு யூனிகோடை 2010லேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. டைப்பிங் சென்டர்கள்தான் இன்னும் முழுசாக ஏற்கவில்லை. பாமினியில் "தமிழ்" என்று திரையில் தெரிவது, கணினிக்கு உள்ளே ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். ஒப்புமை பார்க்கும் மென்பொருள் படிப்பது அதைத்தான். இணையத்தில் யூனிகோடில் கிடக்கிற அதே கட்டுரையை வரிக்கு வரி எடுத்து பாமினியில் அடித்துக் கொடுத்தால் ஒப்புமை ஏறக்குறைய சுழி என்று வரும். அந்தச் சுழியைக் காட்டிப் பாராட்டு வாங்குகிறவர்களும் உண்டு. தமிழ் ஏட்டில் 0 அல்லது 1 என்று வந்தால் மகிழ்ச்சி அடையாதீர்கள், கோப்பைத் திறந்து எழுத்துருவைப் பாருங்கள். மேற்கோளும் நூற்பெயரும் நிறைந்த ஓர் ஏட்டில் எதுவுமே ஒத்துப்போகவில்லை என்பது சந்தேகத்துக்குரிய செய்தி. மென்பொருளுக்கு அனுப்பும் முன் யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும் என்று துறையில் ஒரு தீர்மானம் போட்டுவிடுங்கள். மாற்றித் தரும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

மொழிபெயர்ப்புத் திருட்டு இதைவிடச் சிக்கலானது. ஆங்கிலக் கட்டுரை ஒன்றை கூகுள் மொழிபெயர்ப்பில் போட்டு எடுத்த தமிழ் எந்த மென்பொருளிலும் எளிதில் சிக்குவதில்லை. காதில்தான் சிக்கும். வாக்கியம் நீளமாகப் போய் எழுவாயைத் தேட வைக்கும். ஒரே கலைச்சொல் நான்காம் பக்கத்தில் ஒரு மாதிரியும் ஒன்பதாம் பக்கத்தில் வேறு மாதிரியும் வரும். தமிழில் யாரும் கேட்காத ஐரோப்பிய ஆசிரியர் பெயர்கள் வரிசையாக வரும், ஆனால் அவர்களுடைய ஒரு நூல்கூட மாணவரின் மேசையில் இருக்காது. அப்படிப்பட்ட ஒரு பத்தியைச் சுட்டிக்காட்டி, "இதையே உங்கள் வார்த்தையில் எனக்குச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். எழுதியவருக்கு அரை நிமிடம் போதும். எழுதாதவர் தாளைப் பார்த்து வாசிக்கத் தொடங்குவார்.

இனி அந்தப் "பத்துக்குள் கொண்டுவரும்" வழிகள். கல்லூரிச் சாலையில் உள்ள ஜெராக்ஸ் கடைகளின் கண்ணாடியிலேயே அந்த விளம்பரம் ஒட்டியிருக்கும்: ப்ராஜெக்ட் செய்து தரப்படும், ஒப்புமை குறைத்துத் தரப்படும். குறைப்பது எப்படி என்றால், வரிகளை ஒரு செயலியில் போட்டுச் சொல்லுக்குச் சொல் மாற்றுவார்கள். அதன் விளைவை பிரான்சைச் சேர்ந்த ஆய்வாளர் கியோம் கபனாக்கும் அவருடைய சகாக்களும் 2021ல் உலகுக்கு எடுத்துக் காட்டினார்கள். அச்சான ஆங்கில ஆய்வுக் கட்டுரைகளில் "ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்" என்பது "கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னெஸ்" ஆகியிருந்தது. அதாவது செயற்கை நுண்ணறிவு, போலி உணர்வுநிலையாக மாறிவிட்டது. மார்பகப் புற்றுநோய் "புஸம் பெரில்" ஆனது. நெஞ்சு ஆபத்து என்று வைத்துக்கொள்ளலாம். சித்திரவதைக்கு உள்ளான சொற்றொடர்கள் என்று அவற்றுக்குப் பெயரும் வைத்தார்கள். அவற்றைத் தேடிப் பிடிப்பதற்கென்றே இன்று ஒரு கருவி ஓடிக்கொண்டிருக்கிறது. காசு கொடுத்து 14ஐ 7 ஆக்கிய மாணவர் தன் ஏட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதே தெரியாமல் வைவாவுக்கு வந்து நிற்கிறார். புறத்தேர்வாளருக்கு முதல் இருபது பக்கத்திலேயே அது தெரிந்துவிடும்.

இதற்கெல்லாம் மருந்து, ஏடு எழுதி முடிந்த பிறகு கிடைப்பதில்லை. என் கருத்தில் பெரும்பாலான திருட்டு, திருட வேண்டும் என்ற எண்ணத்தோடு நடப்பதில்லை. குறிப்பெடுக்கும் இடத்தில்தான் நடக்கிறது. மாணவர் ஒரு நூலைப் படிக்கிறார். பிடித்த பத்தியை அப்படியே நோட்டில் எழுதுகிறார், அல்லது கைப்பேசியில் படம் எடுக்கிறார், அல்லது பி.டி.எஃப்.இலிருந்து வெட்டி வேர்ட் கோப்பில் ஒட்டுகிறார். பக்க எண் எழுதுவதில்லை. இரண்டு ஆண்டு கழித்து எழுத உட்காரும்போது அந்தக் கோப்பில் எது நூலாசிரியர் சொன்னது, எது தனக்குத் தோன்றியது என்று அவருக்கே தெரியாது. கால நெருக்கடியில் எல்லாமே ஏட்டுக்குள் போய்விடுகிறது.

ஆகவே புதிதாகச் சேரும் மாணவருக்கு நெறியாளர் முதல் மாதத்தில் சொல்லித் தர வேண்டியது தலைப்புத் தேர்வு கூட இல்லை, நோட்டு எழுதும் முறைதான். ஒரு நூலைக் கையில் எடுத்ததும் ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு, எத்தனையாவது பதிப்பு என்பதை மேலே எழுதிவிட வேண்டும். அப்படியே எடுத்த வரிக்கு அந்த நிமிடமே மேற்கோள் குறி போட்டுப் பக்க எண் எழுத வேண்டும். அப்புறம் போடலாம் என்பது நடக்காது. கருத்தை மட்டும் எடுக்கிறீர்களா? நூலை மூடி வைத்துவிட்டு எழுதுங்கள், எழுதி முடித்துத் திறந்து பாருங்கள், பக்க எண்ணைச் சேருங்கள். தனக்குத் தோன்றியதை வேறு மையில் எழுதலாம். கணினியானால் வேறு வண்ணத்தில். முறை எதுவாக இருந்தாலும் ஆய்வுக் காலம் முழுவதும் ஒரே முறையாக இருந்தால் போதும்.

நூலை மூடி எழுதுவது என்றால் என்ன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. இதற்காக நானே எழுதிக்கொண்ட மூல வரி இது:

"மேட்டூர் அணை 1934ல் கட்டி முடிக்கப்பட்ட பின், ஜூன் 12ல் குறுவைக்குத் தண்ணீர் திறப்பார்கள் என்ற எதிர்பார்ப்பே டெல்டா உழவரின் விதைப்பு நாளைத் தீர்மானித்தது. ஆற்றில் வெள்ளம் வருவதைப் பார்த்து விதைத்த காலம் போய், அணையின் நீர்மட்டத்தைச் செய்தித்தாளில் பார்த்து விதைக்கும் காலம் வந்தது."

மாணவர்கள் வழக்கமாகச் செய்வது இப்படி இருக்கும்:

"மேட்டூர் நீர்த்தேக்கம் 1934ஆம் ஆண்டு நிர்மாணிக்கப்பட்ட பிறகு, ஜூன் 12ஆம் தேதி குறுவைச் சாகுபடிக்கு நீர் விடுவிக்கப்படும் என்ற நம்பிக்கையே காவிரிப் படுகை விவசாயிகளின் நடவு தினத்தை நிர்ணயித்தது. நதியில் பெருக்கு வருவதை நோக்கி விதைத்த நிலை மாறி, அணையின் நீர் அளவை நாளிதழில் நோக்கி விதைக்கும் நிலை உருவானது."

தொடர்ந்தாற்போல் நான்கு சொற்கள் கூட இங்கே அப்படியே இல்லை. மென்பொருள் இதைக் கண்டுகொள்ளாமல் விட வாய்ப்பு அதிகம். ஆனால் வாக்கியம் அதே வாக்கியம். செய்தி வரும் வரிசை அதே வரிசை. இரண்டாம் வாக்கியத்தில் உள்ள அந்த எதிர்நிலை, நூலாசிரியர் யோசித்துக் கண்டது. "விதைப்பு" என்பதை "நடவு" என்று மாற்றியதில் பொருளும் கெட்டுவிட்டது. டெல்டாவில் விதைப்பதும் நடுவதும் வேறு வேறு வேலை. அடிக்குறிப்பு போட்டாலும் இது அரைத் திருட்டுதான்.

நூலை மூடி வைத்து, சொல்ல ஏதாவது உள்ளவர் எழுதினால் இப்படி வரும்:

"அணை வந்தபின் விதைப்பு நாளை ஆற்றுக்குப் பதிலாக அணைத் திறப்பு முடிவு செய்யத் தொடங்கியது என்கிறார் நூலாசிரியர் (ப. 84). எனது களஆய்வில், ஆழ்துளைக் கிணறு வைத்திருந்தவர்கள் அந்தத் திறப்புக்குக் காத்திருக்கவில்லை என்று தெரிந்தது."

யாருடைய கருத்து எங்கே முடிகிறது, தன்னுடையது எங்கே தொடங்குகிறது என்பது இதில் தெளிவாக இருக்கிறது. இரண்டாவது வாக்கியம் இல்லாமல் முதலாவது மட்டும் இருந்தால் அதில் தவறில்லை. ஆனால் பக்கம் பக்கமாக முதலாவது மட்டுமே இருந்தால் அந்த ஏட்டில் ஆய்வு இல்லை என்று பொருள். திருடுகிறவருக்கு உண்மையில் பற்றாக்குறையாக இருப்பது இந்த இரண்டாவது வாக்கியம்தான். களத்துக்குப் போயிருந்தால், நூலகத்தில் உட்கார்ந்திருந்தால், அது தானாக வந்திருக்கும்.

இரண்டாம் கை மேற்கோள் பற்றி ஒரு வரி. தொல்காப்பிய நூற்பாவை ஒரு கையேட்டிலிருந்து எடுத்துவிட்டு அடிக்குறிப்பில் இளம்பூரணர் உரை என்று போடுவது நம் துறைகளில் சாதாரணமாகிவிட்டது. கையேட்டில் இருக்கும் அச்சுப் பிழையும் கூடவே வந்து காட்டிக்கொடுக்கும். மூலத்தைப் பார்க்க முடியவில்லை என்றால், இன்னாருடைய நூலில் எடுத்தாளப்பட்டது என்று எழுதுவதில் என்ன குறைந்துவிடும்? உ.வே. சாமிநாதையர் தம் பதிப்புகளின் முகவுரையில், ஏட்டுச்சுவடி கொடுத்து உதவியவர்களை ஊர் பெயரோடு குறித்து வைத்தார். சுவடி எங்கிருந்து வந்தது என்று சொன்னதால் அவருடைய புலமைக்குக் குறைவு வந்ததாக யாரும் நினைக்கவில்லை.

நெறியாளர் செய்ய வேண்டியதில் கடினமானது எதுவும் இல்லை, நேரம்தான் வேண்டும். மாதம் ஒரு முறை மாணவரை நோட்டோடு வரச் சொல்லுங்கள். இயல் எழுதிக் கொண்டுவந்தால் ஏதாவது மூன்று அடிக்குறிப்பைத் தொட்டு, அந்தப் பக்கங்களின் படியை மறுமுறை கொண்டுவரச் சொல்லுங்கள். இரண்டு முறை கேட்டால் போதும், மூன்றாவது முறை அவரே கொண்டுவருவார். ஒரே நேரத்தில் கைநிறைய மாணவர்களை எடுத்துக்கொண்டு ஒருவருடைய நோட்டையும் பார்க்க நேரமில்லை என்கிற நெறியாளர், "இந்த ஏடு கருத்துத் திருட்டு அற்றது" என்ற சான்றிதழில் எந்தத் துணிச்சலில் கையெழுத்துப் போடுகிறார் என்று எனக்கு விளங்கியதே இல்லை. அந்தக் கையெழுத்தை விதி அவரிடமிருந்துதான் கேட்கிறது, மென்பொருளிடமிருந்து கேட்கவில்லை.

இளநிலை வகுப்புகளில் சிக்கல் வேறு. "சுற்றுச்சூழல் மாசுபாடு" என்று பத்து வருடமாக ஒரே அசைன்மென்ட் கொடுத்துவிட்டு, மாணவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுகிறார்கள் என்று கோபப்படுவதில் நியாயமில்லை. அந்தத் தலைப்புக்கு இணையத்தில் ஆயிரம் விடை தயாராக இருக்கிறது. "உங்கள் தெருவில் குப்பை எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், மக்கும் குப்பையும் மக்காத குப்பையும் வண்டியில் ஏறும்போது தனித்தனியாகவே இருக்கின்றனவா, மூன்று நாள் பார்த்து எழுதுங்கள்" என்று கேட்டால் எங்கிருந்தும் எடுக்க முடியாது. திருத்துவதும் சுவாரசியமாக இருக்கும்.

செயற்கை நுண்ணறிவு பற்றிக் கேட்காத கூட்டம் இப்போது இல்லை. சாட்ஜிபிடி எழுதியதைக் கண்டுபிடிக்க ஒரு மென்பொருள் இருக்கிறதே, அதை வைத்துப் பிடித்துவிடலாமா என்று கேட்கிறார்கள். அதை மட்டும் நம்பி யார் மீதும் நடவடிக்கை எடுக்காதீர்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் கண்டறியும் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபெல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளில் ஓட்டிப் பார்த்தார்கள். மனிதர்கள் எழுதிய அந்தக் கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை இயந்திரம் எழுதியவை என்று கருவிகள் சொல்லின. எளிய சொற்களில், பாடப்புத்தகம் கற்றுத் தந்த வாக்கிய அமைப்பில் எழுதுகிறவர்களே அதில் மாட்டுகிறார்கள். நம் அரசுக் கல்லூரி மாணவர்களின் ஆங்கிலம் அப்படிப்பட்டதுதான்.

அதற்குப் பதில் நூற்பட்டியலைச் சரிபாருங்கள். இல்லாத நூலை இருப்பதாகச் சொல்வது இந்தச் செயலிகளின் பழக்கம். 2023ல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி சொன்ன முன்தீர்ப்புகளை மனுவில் சேர்த்தார்கள். அப்படிப்பட்ட வழக்குகளே நடந்ததில்லை என்று தெரிந்ததும் நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. பட்டியலில் ஐந்து நூலைத் தேடிப் பாருங்கள். ஒன்று இல்லாமல் போனாலும் மாணவரை உட்கார வைத்துப் பேச அது போதும். இயல்களை முதலிலிருந்தே கூகுள் டாக்ஸ் போன்ற ஒன்றில் எழுதச் சொன்னால் எந்த நாளில் எவ்வளவு எழுதினார் என்ற வரலாறும் இருக்கும். வீணாகச் சந்தேகிக்கப்படும் மாணவருக்கு அது பெரிய பாதுகாப்பு. எந்த வேலைக்குச் செயலியைப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது, பயன்படுத்தினால் எங்கே சொல்ல வேண்டும் என்பதைத் துறை எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். வாய்மொழியாக விட்டால் ஆளுக்கொரு சட்டம் ஆகிவிடும்.

இவ்வளவும் மாணவரைப் பற்றி. மேலிருந்து கீழே நடக்கும் திருட்டைப் பற்றி நம் கருத்தரங்குகளில் யாரும் பேசுவதில்லை. மாணவர் எழுதிய கட்டுரையில் நெறியாளர் பெயர் முதலாக வருவது, தரவு சேகரித்தவர் பெயர் நன்றியுரைக்குத் தள்ளப்படுவது, முதுநிலை மாணவியின் ப்ராஜெக்ட் அடுத்த ஆண்டு துறைத்தலைவர் கட்டுரையாக வெளிவருவது. 2018 விதிகள் ஆசிரியருக்கும் உண்டு. 40க்கு மேல் ஒப்புமை நிரூபணமானால் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும், ஓர் ஆண்டு ஊதிய உயர்வு போகும், இரண்டு ஆண்டுகளுக்குப் புதிய மாணவர்களை எடுக்க முடியாது. 60க்கு மேல் என்றால் இரண்டு ஊதிய உயர்வு, மூன்று ஆண்டுகள். ஆனால் பெயர் வரிசைத் தகராறை எந்தச் சதவீதமும் பிடிக்காது. கட்டுரை தொடங்கும் அன்றே யார் பெயர் எங்கே என்று இருவரும் பேசி ஒரு மின்னஞ்சலில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. மாணவரால் அதைக் கேட்க முடியாது. நெறியாளர்தான் தொடங்க வேண்டும்.

புகார் வந்தால் அமுக்கவும் கூடாது, ஊரைக் கூட்டவும் கூடாது. துறை அளவில் ஒரு குழு, நிறுவன அளவில் ஒரு குழு என்று விதி வகுத்திருக்கிறது. ஒவ்வொன்றும் 45 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தராமல் தண்டிக்கக் கூடாது. உங்கள் கல்லூரியில் அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று இன்று விசாரித்துப் பாருங்கள். பெயர்ப்பலகை இருக்கும், உறுப்பினர்கள் கடைசியாக எப்போது கூடினார்கள் என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

அந்த 14 சதவீத மாணவருக்கு நான் சொல்லும் பதில் இதுதான். ரிப்போர்ட்டை அச்செடுங்கள். வண்ணம் விழுந்த ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்தில், இது மேற்கோள், இது என் பழைய கட்டுரை, இது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை என மூன்றில் ஒன்றை எழுதுங்கள். மேற்கோளுக்குக் குறியும் பக்க எண்ணும் போடுங்கள். உங்கள் பழைய கட்டுரையானால் அது முன்பு எங்கே வெளிவந்தது என்று அடிக்குறிப்பில் சொல்லுங்கள்; சொல்லாமல் விட்டால் சொந்த எழுத்தும் சிக்கலாகும். தெரியவில்லை என்று எழுதியவற்றை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் உங்களுக்குச் சொல்ல என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒன்றுமில்லை என்றால் அந்தப் பத்தி இல்லாமலேயே இயல் நிற்கும். சமர்ப்பிக்கும் தேதி நெருங்கிவிட்டது என்றால் நெறியாளரிடம் சொல்லிக் கால நீட்டிப்புக்கு எழுதிக் கொடுங்கள். பட்டம் வாங்கிய பிறகு உங்கள் ஏடு சோத்கங்கா என்ற இணைய ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் ஏறிவிடும். யார் வேண்டுமானாலும், எந்த ஆண்டு வேண்டுமானாலும், இன்றைவிடக் கூர்மையான மென்பொருளை வைத்துக்கொண்டு அதைத் திறந்து பார்க்கலாம்.